இருபத்து நான்காவது கல்

அந்த பெஞ்சு வேண்டாம் அக்கா, அதற்கு ஒரு கால் குட்டை. இந்தப் பக்கம் வாருங்கள். இன்றோடு ஆறு நாளாக இந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த பெஞ்சு ஆடும், எந்த ஃபேன் சுற்றும், குடிதண்ணீர் எத்தனை மணிக்குத் தீரும், எல்லாம் எனக்கு அத்துப்படி.

சீட்டில் பெயரை ஆதாரில் இருப்பதுபோலவே எழுதினீர்களா? இனிஷியல் முன்னால் என்றால் முன்னால், பின்னால் என்றால் பின்னால். மாறினால் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். போனை ஜன்னலில் கொடுத்து டோக்கன் வாங்கிவிட்டீர்களா? பத்திரம். முகாமுக்குள்ளே இருக்கிற ராணுவப் பள்ளிக்கூடத்து இன்டர்வியூதானே? ஃபைலைப் பிடித்திருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. என்ன பாடம்? கணக்கா. நல்ல பாடம் அக்கா. ஒரே விடைதான் வரும்.

என் பெயர் கொளஞ்சிநாதன். பெரம்பலூர் பக்கம். நான் யாரையும் பார்க்க வரவில்லை. ஒரு தாளில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வந்திருக்கிறேன். அரை நிமிட வேலை. அதை ஐந்து நாளாகப் போட முடியாமல் திரும்பிப் போனேன். இன்று மாலை ஐந்து மணிக்குள் போட்டாக வேண்டும். நாளைக் காலை அந்தத் தாள் பெரிய அதிகாரிகள் மேசைக்குப் போகிறது.

இதோ, இதுதான். படித்துப் பார்க்கலாம், ஒன்றும் ரகசியம் இல்லை. கடைசி வரியைப் பாருங்கள். 'கற்கள் மூல நிலையில் உள்ளனவா? ஆம், இல்லை.' அவ்வளவுதான். ஆம் என்றால் பொய். இல்லை என்றால் உண்மை. உண்மையை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்படி ஒரு சங்கடம் யாருக்காவது வந்திருக்குமா?

பொய் எழுத மாட்டேன் அக்கா. பெருமைக்குச் சொல்லவில்லை, பயம். எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். அப்பா கல் குவாரியில் இருக்கிறார், கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. வீட்டுக்கு வந்த எல்லாத் தாளையும் நான்தான் படித்தேன், நான்தான் பூர்த்தி செய்தேன். ஒரு எழுத்து தப்பானால் கேட்க ஆள் இல்லை. அதனால் எந்தப் படிவத்தையும் முதலில் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவில் எழுதுவேன். இதைக்கூட பென்சிலில் எழுதி எழுதி அழித்திருக்கிறேன், பாருங்கள், அந்த இடம் மட்டும் தேய்ந்துபோயிருக்கிறது.

என்ன வேலை என்று சொல்கிறேன். இந்தக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் தைலமரக் காடு தெரிகிறதா? அதை வெட்டிவிட்டுக் கிடங்கு கட்டப் போகிறார்கள். வெட்டுவதற்கு முன்னால், பழைய காலத்துச் சின்னம் ஏதாவது மண்ணில் இருக்கிறதா என்று ஒருவர் நடந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இருக்கிறது என்றால் வேலை நின்றுவிடும். இல்லை என்றால் மறுநாளே மரம் விழும். நடந்து பார்க்கிற பொறுப்பை ஒரு தனியார் நிறுவனம் எடுத்தது. நிறுவனம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஹேமாவதி மேடம், ஒரு கம்ப்யூட்டர், நான்.

காட்டை ஐம்பது கட்டமாகப் பிரித்திருந்தோம். ஒவ்வொரு கட்டமும் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். கயிறு கட்டி, பத்தடிக்கு ஒரு தரம் மேலும் கீழும் நடந்து, இலைச் சருகைக் காலால் தள்ளித் தள்ளித் தரையைப் பார்க்க வேண்டும். தைலமரத்துச் சருகு முழங்கால் வரைக்கும் கிடக்கும் அக்கா. ஒரு கட்டத்துக்கு அரை நாள். கேமரா கூடாது, போன் கூடாது. ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு டேப். அந்த நோட்டையும் சாயங்காலம் இந்த கேட்டில் கொடுத்து இரும்பு அலமாரியில் வைத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

ஊரில் அம்மா, 'எம்புள்ள மிலிட்டிரில இருக்கான்' என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டு மாமா போன் செய்து, 'மாப்ள, கோட்டா பாட்டில் கெடைக்குமாடா?' என்றார். 'மாமா, நான் இங்க கல்லு எண்ண வந்திருக்கேன்' என்றேன். 'சரிடா, எண்ணி முடிச்சிட்டு வாங்கிட்டு வா' என்றார்.

தனியாக நடக்க விட மாட்டார்கள். எனக்குத் துணையாக சுபேதார் இன்னாசிமுத்துவைப் போட்டிருந்தார்கள். திண்டுக்கல் பக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும், வயிறு துளிகூட இல்லை. எல்லோரும் அவரை சாப் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தம்பி, இது பழைய துப்பாக்கி சுடுற மைதானம். மண்ணுக்குள்ள வெடிக்காதது எது கெடக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும். என் காலடியில கால வைங்க. நான் நின்னா நில்லுங்க. நான் தும்முனா நீங்களும் தும்முங்க."

"தும்மல் வரலைன்னா சாப்?"

"வரவைங்க. பட்டாளம்னா அப்படித்தான்."

ஒரு மாதம் அந்த மனிதரின் பூட்ஸ் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இடது குதி கொஞ்சம் உள்பக்கமாகத் தேய்ந்திருக்கும். கண்ணை மூடினால் காடு தெரியாது, அந்தக் குதிதான் தெரியும். நாற்பத்திரண்டிலிருந்து ஐம்பது வரைக்கும் உள்ள ஒன்பது கட்டங்களுக்குப் போகவே விடவில்லை. சிவப்புக் கொடி நட்டிருந்தது. "அந்தப் பக்கம் வேணாம் தம்பி. உங்க அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றார். அந்த ஒன்பதுக்கும் நேராக 'நடக்கவில்லை' என்று எழுதினேன். 'ஒன்றும் இல்லை' என்று எழுதவில்லை. இரண்டும் வேறு வேறு, இல்லையா அக்கா?

மத்தியானம் அவர் டப்பாவில் இருக்கிற பூரியில் பாதி எனக்கு. ஒருநாள் தன் பணிப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னார். தண்டனை வாங்கினால் அதில் சிவப்பு மையில் எழுதுவார்களாம். அது கடைசி வரைக்கும் கூடவே வருமாம். "இருபத்தெட்டு வருசம் தம்பி. ஒரு சொட்டு சிவப்பு மை கெடையாது. இன்னும் மூணே மாசம். சுத்தமா வெளிய போயிருவேன்." எனக்குச் சிலிர்த்தது. என் மார்க் ஷீட்டை நான் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருப்பதைப் போலத்தானே அவரும் அந்தப் பதிவேட்டை நினைக்கிறார் என்று தோன்றியது.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை, நாற்பத்தொன்றாவது கட்டம். நான் ஒதுங்கப் போனேன். சொல்லக் கூச்சம்தான், ஆனால் நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் அவர் காலடியில் கால் வைக்க முடியாது அல்லவா? நாலைந்து மரம் தள்ளிப் போனேன். சருகுக்குள் கால் இடித்தது. குனிந்து தள்ளிப் பார்த்தால் செம்புறாங்கல், நட்டு வைத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்குத் தள்ளி இன்னொன்று. போன வேலையை மறந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் இருபத்து மூன்று கல். சுற்றி வந்து வட்டமாக முடிந்தது. நடுவில் ஒரு பலகைக் கல், பாதி மண்ணுக்குள்.

இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரையோ அங்கே வைத்து மூடி, சுற்றிலும் கல் நட்டிருக்கிறார்கள். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். என் காலில் இடித்தது அக்கா, என் காலில். சாப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"உள்ள ஆள் இருக்கா தம்பி?"

"எலும்பு இருக்கலாம் சாப். தாழிக்குள்ள."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு சிலுவை போட்டுக்கொண்டார். அதை நான் மறக்க மாட்டேன். அப்படிப்பட்ட மனிதர்.

மூன்று நாள் அளந்தோம். டேப்பின் அந்த முனையை அவர்தான் பிடித்தார். கல்லுக்குக் கல் இடைவெளி, உயரம், சாய்மானம், எல்லாவற்றையும் நோட்டில் படமாக வரைந்தேன். வியாழக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். என் தொல்லியல் படிப்பைப் பற்றி என்னிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதே இல்லை அக்கா. முதல் கேள்வி, 'இதப் படிச்சா என்ன வேலை கெடைக்கும்?' அதோடு சரி. சாப் எட்டுக் கேள்வி கேட்டார். எண்ணினேன்.

"இந்தக் கல்லு ஆதியிலருந்து இதே எடத்துலதான் நிக்குதுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

கல்லில் விழுந்திருக்கிற மண்ணின் கோடு சொல்லிவிடும் என்றேன். நட்ட கல்லில் மண்ணுக்கு மேலே இருந்த பாகம் கறுத்து, பாசி படிந்திருக்கும். மண்ணுக்குள் இருந்த பாகம் சிவப்பாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கத்தியால் கீறினது போல ஒரு கோடு. ஒரு கல்லைப் பிடித்துக் காட்டினேன்.

"ஒண்ணு ரெண்டு நகந்திருந்தா?"

"பரவாயில்லை சாப். மாடு இடிச்சிருக்கும், வேர் தள்ளியிருக்கும்."

"எல்லாமே நகந்திருந்தா?"

"அப்ப அது வட்டம் இல்லை சாப். வெறும் கல்லு. எங்கிருந்து வந்ததுன்னே சொல்ல முடியாது."

"அப்ப வேலை நிக்காது?"

"நிறுத்துறதுக்குக் காரணம் இருக்காது."

"ம்ம். படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்யா" என்று முதுகில் தட்டினார். அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன்.

என்ன அக்கா? எந்தக் கிழமை என்றா? வியாழன் என்றேனே. மறுநாள் வெள்ளியிலிருந்து எனக்கு லீவு விட்டார்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன், நீங்கள் கிழமை கேட்டு முந்திக்கொண்டீர்கள். ஆமாம், வியாழக்கிழமை சாயங்காலம் கேட்டிலேயே சொல்லிவிட்டார், "உள்ள பயிற்சி நடக்குது தம்பி, நாலு நாளைக்கு வெளியாளுக்கு பாஸ் கெடையாது. ஊருக்குப் போயி அம்மாவப் பாத்துட்டு வாங்க." நான் கேட்காமலே. எவ்வளவு யோசனை பாருங்கள்.

ஊரில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா பீடியைப் பற்றவைக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "நான் ஒடைச்ச கல்ல எவன்டா எண்ணினான்? நீ எண்ணுற. எண்ணு" என்றார். பிறகு, "லீவு நீ கேட்டியா, அவங்களா குடுத்தாங்களா?" என்றார். அவர்களாகத்தான் என்றேன். "நாங்க வெடி வைக்கிறதுக்கு முந்திதான் எல்லாரையும் தூரமாப் போகச் சொல்லுவோம்" என்றார். அப்பாவுக்கு எது பேசினாலும் குவாரிதான். வேறு உலகம் தெரியாது, பாவம்.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தேன். சாப் கேட்டிலேயே நின்றிருந்தார். துவைத்து இஸ்திரி போட்ட உடுப்பு. "வாங்க தம்பி, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று கூட்டிப் போனார்.

நீங்கள் உள்ளே வரும்போது சாலை ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். கல் எல்லாம் பாதி வெள்ளை, பாதி காவி. மரத்துக்கு இடுப்பு வரைக்கும் காவி, மேலே ஒரு வெள்ளை வளையம். இந்த முகாமில் வண்ணம் படாத கல் கிடையாது. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் நாலு நாளைக்கு முன்பே வாளியும் மட்டையுமாக இறங்கிவிடுவார்கள். "பட்டாளத்துல கல்லுக்கும் வரிசை உண்டு தம்பி" என்பார் சாப். முதல் வாரம் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எல்லாம் எவ்வளவு ஒழுங்கு என்று.

நாற்பத்தொன்றாவது கட்டத்துக்குச் செங்கல் பதித்துப் பாதை போட்டிருந்தார்கள். சருகே இல்லை. கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. என் வட்டம், அக்கா, காம்பஸ் வைத்து வரைந்தது போல இருந்தது. கல்லுக்குக் கல் ஒரே இடைவெளி. எல்லாம் ஒரே உயரம். ஒன்று விட்டு ஒன்று வெள்ளை, காவி, வெள்ளை, காவி. நடுவில் இருந்த பலகைக் கல்லைக் கழுவி, மேலே ஒரு பூந்தொட்டி.

சாப் அட்டென்ஷனில் நின்றார். "பாத்தீங்களா தம்பி? உங்க கல்லுக்கு மரியாதை பண்ணியிருக்கோம்."

நான் எண்ணினேன். வேறு என்ன செய்ய? எண்ணத்தான் தெரியும். இருபத்து நான்கு.

"ஒண்ணு கூட இருக்கே சாப்."

"வெள்ளை, காவி மாத்தி மாத்தி வரணும்னா எரட்டைப்படையில வேணும்ல? இருபத்து மூணுல ரெண்டு வெள்ளை பக்கத்துல பக்கத்துல வந்துச்சு, அசிங்கமா இருந்துச்சு. ஒண்ணு கொண்டாந்து போட்டோம்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். "ஏன் தம்பி, தப்புப் பண்ணிட்டோமா? பழசுன்னு நீங்க சொன்னீங்களேன்னுதான் இவ்வளவு பாடுபட்டோம்" என்றார். நோட்டாவது இருக்கிறதே என்று நினைத்தேன். அலமாரியில் இல்லை. படத்தைப் பார்த்து அடுக்கலாம் என்று எடுத்துப் போனார்களாம். கல் தூக்குகிற அவசரத்தில் சுண்ணாம்பு வாளிக்குள் விழுந்துவிட்டதாம். அவரே புது நோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். என் பெயரைக்கூட அட்டையில் எழுதியிருந்தார், இனிஷியலோடு.

தெரியாமல் செய்துவிட்டார்கள் அக்கா. தெரியாமல். அதுதான் என் கழுத்தைப் பிடிக்கிறது.

அன்று மத்தியானமே இந்தத் தாள் வந்தது. எங்கள் படிவத்தில் இந்தக் கடைசி வரி கிடையாது. கர்னல் அலுவலகத்தில் புதிதாக அடித்துக் கொடுத்தார்கள். மேடத்துக்கு போன் செய்தேன்.

"கொளஞ்சி, இன்னைக்குக் கல்லு எப்படி இருக்கு?"

"நகர்ந்திருக்கு மேடம்."

"அப்ப அதை எழுது."

"போன வாரம் நகரலை மேடம்."

"போட்டோ இருக்கா?"

"கேமரா விடல."

"நோட்டு?"

"சுண்ணாம்புல விழுந்துடுச்சு."

"நீ பொய் எழுத வேணாம். கண்ணால பாக்குறத எழுது. உனக்கும் பிரச்சினை இல்லை, எனக்கும் இல்லை" என்று வைத்துவிட்டார். மேடம் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு இல்லை. அதுதான் தொந்தரவு.

யோசித்துப் பாருங்கள். 'இல்லை' என்று டிக் அடித்தால் உண்மை. அதோடு காடு போகும், அந்த இடத்தில் கிடங்கு வரும், வட்டம் இருந்ததற்கு உலகத்தில் ஒரு அத்தாட்சி இருக்காது. 'இல்லை, போன வாரம் வரைக்கும் இருந்தது, பிறகு நகர்த்தப்பட்டது' என்று எழுதினால் அது முழு உண்மை. ஆனால் யார் நகர்த்தியது என்று விசாரணை வரும். சாப் பதிவேட்டில் சிவப்பு மை விழும். இருபத்தெட்டு வருடம். என்னோடு பாதி பூரி சாப்பிட்ட மனிதர். எதை எழுதினாலும் உண்மைதான், எதை எழுதினாலும் ஒருவரைக் கொன்றதுபோல. எழுதாமல் இருக்கலாம் என்றால், ஐந்து மணி.

இந்த ஐந்து நாளும் தினம் கூப்பிடுவார்கள். உள்ளே போவேன். காட்டுக்கு இல்லை, ஆபீஸ் அறைக்கு மட்டும். சாப் டீ வாங்கித் தருவார். "அவசரமில்ல தம்பி, யோசிச்சுப் போடுங்க" என்பார். அந்த அறையில் ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் வேலி. நான் 'நாளைக்கு சாப்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

நோட்டு போனது வருத்தம்தான். ஆனால் படம் எனக்கு மனப்பாடம் அக்கா. தூங்கும்போதுகூட அதையே சுற்றி வருகிறேன். சொல்லவா? உங்களைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது. குறுக்களவு முப்பத்தைந்து அடி. வடக்கே இருக்கிற கல்லில் ஆரம்பித்து வலப்பக்கமாகப் போக வேண்டும். முதல் கல் முழங்கால் உயரம். இரண்டாவது மூன்றடி தள்ளி, தலை உடைந்தது. மூன்றாவது இரண்டரை அடி தள்ளி, அடியில் எறும்புப் புற்று. நான்காவது நாலடி தள்ளி, ஐந்தாவது அதை ஒட்டி நிற்கும், நடுவில் ஒரு கை நுழையும். ஆறாவது ஐந்தடி. ஏழாவது மூன்றரை, மேலே ஒரு குழி, மழைத்தண்ணீர் நிற்கும். எட்டாவது மூன்றடி, குட்டை. ஒன்பதாவது நாலடி தள்ளி, வெளிப்பக்கம் சாய்ந்தது, யாரோ முதுகு சாய்த்து உட்கார்ந்த மாதிரி. பத்தாவது...

எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறீர்களா? சலிப்பாக இருக்காதா? சரி. பத்தாவது மூன்றடி. பதினொன்று இரண்டரை. பன்னிரண்டு நாலரை, அதுதான் பெரியது, இடுப்பு வரை வரும். பதின்மூன்று மூன்று. பதினான்கு ஐந்து, நடுவில் மரம் முளைத்திருக்கிறது. பதினைந்து இரண்டரை. பதினாறு மூன்றரை. பதினேழு நாலு, படுத்துவிட்டது. பதினெட்டு மூன்று. பத்தொன்பது மூன்று. இருபது நாலரை, பாதியாகப் பிளந்தது. இருபத்தொன்று இரண்டு. இருபத்திரண்டு நாலு. இருபத்து மூன்று மூன்றரை, அங்கிருந்து முதல் கல்லுக்கு ஐந்தடி. அந்த ஐந்தடியில்தான் நான் தினம் உள்ளே நுழைவேன், வாசல் மாதிரி.

அவ்வளவுதான். வட்டம் முடிந்தது.

இருபத்து நான்காவதா? அதுதான் சொன்னேனே, எண்ணிக்கைக்காக அவர்கள் கொண்டுவந்து போட்டது. எங்கிருந்தா?

எங்கிருந்து...

இருங்கள் அக்கா. அதை நான் யோசிக்கவில்லை. எனக்கு என் இருபத்து மூன்று போனதுதான் துக்கம், வந்ததை யார் பார்த்தார்கள்? இல்லை, பார்த்தேன். தொட்டேன். வெள்ளை அடித்த கல், சுண்ணாம்பு முழுக்கக் காயவில்லை, பழக்கதோஷத்தில் கட்டைவிரலால் தேய்த்தேன். கோடு இருந்தது. மேலே கறுப்பு, பாசி. கீழே சிவப்பு. அந்தச் சிவப்பில் ஈரமண் ஒட்டியிருந்தது. அது நட்டு நின்ற கல் அக்கா! அந்த வாரம்தான் பிடுங்கியிருக்கிறார்கள். என் இருபத்து மூன்றையும் முகம் பார்த்துச் சொல்வேன், இது அதில் இல்லை. மிச்ச நாற்பது கட்டத்தையும் நான் ஒரு அங்குலம் விடாமல் நடந்திருக்கிறேன், அங்கே நட்ட கல் ஒன்றும் கிடையாது.

அப்படியானால் சிவப்புக் கொடிக்கு அந்தப் பக்கம். நாற்பத்திரண்டிலிருந்து ஐம்பது. அங்கே இன்னொரு வட்டம் இருக்கிறது. ஒன்றா, பத்தா, யாருக்குத் தெரியும்!

அக்கா, எனக்கு வழி கிடைத்துவிட்டது. டிக்கே அடிக்க வேண்டாம். 'ஒன்பது கட்டங்கள் நடக்கப்படவில்லை. அங்கே நட்ட கற்கள் இருப்பதற்கு அடையாளம் கிடைத்திருக்கிறது. ஆய்வு முடியவில்லை.' இது உண்மை. யார் நகர்த்தினார்கள் என்று ஒரு வார்த்தை வேண்டாம். காடும் நிற்கும், சாப் பதிவேட்டிலும் மை விழாது. ஆறு நாளாக இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

பாருங்கள் அந்த மனிதரை. என்னைக் கால் வைக்கக் கூடாது என்று சொன்ன இடத்துக்கு, வெடிக்காத குண்டு கிடக்கிற இடத்துக்கு, அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார், என் வட்டம் அழகாக வர வேண்டும் என்று ஒரு கல்லுக்காக. என்னிடம் சொல்லக்கூட இல்லை.

அதனால் முதலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன். எந்த இடத்தில் பிடுங்கினார்கள் என்று அவருக்குத் தெரியும். கேட்டால் காட்டுவார். கல்லில் இருக்கிற அந்தக் கோடு பற்றியும் விளக்கிவிடுகிறேன்.

ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? எழுதி, பிரதி எடுத்து, மேடத்துக்கு அனுப்பிய பிறகு சொல்வதா? அது நியாயம் இல்லை அக்கா. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது மாதிரி. அவர் என்னிடம் எதையாவது மறைத்தாரா? நீங்கள் அவரைப் பார்த்ததில்லை, அதனால் அப்படிச் சொல்கிறீர்கள். எங்கள் அப்பாவும் இப்படித்தான், யாரையும் நம்ப மாட்டார்.

கூப்பிடுகிறார்கள். என் பெயர்தான். அதோ, அவரே வந்திருக்கிறார் பாருங்கள், கையில் இரண்டு டீ. எனக்கும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறார். "வாங்க தம்பி, புதுசா சிமெண்ட் போட்டிருக்கு, ஈரம். என் காலடியிலயே வாங்க" என்கிறார். இதோ வந்துட்டேன் சாப்!

வருகிறேன் அக்கா. இன்டர்வியூவில் பயப்படாதீர்கள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள், போதும்.

இது என்ன, உங்கள் இன்டர்வியூ லெட்டருக்குப் பின்னால் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள்? இருபத்து மூன்றும்! வட்டமாக வேறு போட்டிருக்கிறீர்கள். கணக்கு டீச்சர், எண் காதில் விழுந்தால் கை சும்மா இருக்காது போல. உங்களுக்கு இது எதற்கு? சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிடம் சாப்!

அக்கா, எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மூன்றடி என்று போட்டிருக்கிறீர்கள். நாலடி. பேனாவைக் கொடுங்கள், நானே திருத்திவிடுகிறேன். நாலடி, வெளிப்பக்கம் சாய்ந்தது. இந்தாருங்கள். மடிக்கும்போது எண்ணின்மேல் மடிப்பு விழாமல் மடியுங்கள், அழிந்துவிடும்.